கடைசிப் பந்தி

எங்கள் ஊரில் விபத்துகளை ரேஷன் கடையில் கொடுக்கிறார்கள். குடும்ப அட்டைக்கு வருஷத்துக்கு ஒன்று. ஆனி மாதம் பிறந்ததும் கடை வாசலில் பலகை வைத்துவிடுவார்கள். அரிசி, சீனி, துவரம் பருப்பு என்று வரிசையாக எழுதி, அதற்குக் கீழே 'விபத்து: இருப்பு உள்ளது' என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். பாமாயிலுக்கு எதிரே 'இருப்பு இல்லை' என்று எழுதி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விபத்துக்கு எதிரே அப்படி எழுதி ஒருநாளும் பார்த்ததில்லை.

பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். துணிப்பையாக இருந்தால் நல்லது, பிளாஸ்டிக் பையில் அதற்கு வேர்த்துவிடும். கைரேகை மெஷினில் விரல் பதிந்ததும் கடைக்காரர் உள்ளே போய் நம் அட்டைக்கு வந்திருப்பதை எடுத்துவந்து தராசில் வைப்பார். விரல் வெட்டு என்றால் நூறு கிராம்கூட இருக்காது. எண்ணெய் தெறிப்பது, குக்கர் மூடி, ஸ்டூல் சாய்வது இதெல்லாம் நடுத்தரம். வேண்டாம் என்று விட்டுவிட்டு வர முடியாது. முடிக்காத விபத்துகள் ஆனி முடிந்ததும் தானாக இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட வாசல், பஸ் ஸ்டாண்டு, சந்தை என்று ஆள் பார்க்காமல் நடக்கும். அதனால் அவரவர் விபத்தை அவரவர் வீட்டுக்குள் வைத்து முடித்துக்கொள்வதே ஊருக்குப் பாதுகாப்பு என்று குடும்பப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கும் குறை ஒன்றும் கிடையாது.

முறை சுலபமானது. பையைக் கொண்டுவந்து அடுப்பங்கரை ஆணியில் மாட்ட வேண்டும். தோதான நாள் பார்த்து முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். அன்றைய மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முடிகிறபோது, யார் கடைசியாக உட்கார்ந்தாரோ அவருக்கு அது நடக்கும். நடந்து முடிந்ததும் அலுவலகத்திலிருந்து வந்து வாசல் நிலையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம் அடுத்த ஆனி வரைக்கும் அந்த வீட்டில் அரிவாள்மனையில் கண்ணை மூடிக்கொண்டு காய் நறுக்கலாம்.

கடைசியாக உட்காருகிறவர் யாராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் வீட்டில் பந்தியும் படையும் ஒரே இடத்தில் நடந்ததால் ஆண்கள் ஒரே வேலையாக இரண்டையும் முடித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

என் மாமியார் ஆவுடையம்மாள் வருஷங்களை விபத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். குக்கர் மூடி வருஷம் வீட்டுக்குத் தளம் போட்டது. எண்ணெய்ச் சட்டி வருஷம் சின்னவன் உலகநாதன் எட்டாவது பாஸானான். அவருடைய இடது முழங்கை நீளாது. வலது கால் பெருவிரலில் நகம் கிடையாது. நான் மூத்த மருமகளாக வந்த பிறகு கடைசிப் பந்தி எனக்கு மாறியது. கிரைண்டரில் ஒரு விரல் நுனி போயிற்று, பரண் ஏறியதில் இடுப்பு போயிற்று. ஒவ்வொரு தடவையும் "வடிவு தைரியசாலி" என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை இடுப்பில் வைத்துக் கட்டியும் வலி நிற்கவில்லை.

பிறகு உலகநாதனுக்குக் கல்யாணமாகித் தாமரைச்செல்வி வந்தாள். வந்தவள் கடைசியில் சாப்பிடுவது வழக்கம். முதல் வருஷம் அவளுக்கு அரிவாள்மனைக் கீறல்தான் வந்தது, பிழைத்தோம். இந்த வருஷம் அவள் வயிற்றில் பிள்ளை. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்து, வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் கடைக்காரர் எங்கள் பையை இரண்டு கையாலும் தூக்கிவந்து தராசில் வைத்தார்.

"குளியலறை வழுக்கல்க்கா. பெருசு. ஏழரைக் கிலோ."

"வயித்துப் பிள்ளைக்காரி இருக்கா தம்பி. சின்னதாப் பாத்துக் குடுங்க."

"நானா அளக்கேன்? மேல இருந்து அட்டை நம்பர் போட்டுத்தான்க்கா வருது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பை என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. அடியில் லேசாக ஈரம் கசிந்தது. மாமியார் எடையைக் கேட்டுவிட்டு, "ஏழரையா? எண்ணே நல்லா இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு எடுத்தோம். என் வீட்டுக்காரர் பரமசிவன் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறார். எந்த விஷயத்தையும் நாலாவது தோசையில்தான் முடிவு செய்வார்.

"தாமரைக்கு வேண்டாம். வடிவு எடுத்துக்கிடட்டும். அவ உடம்பு தாங்கும்."

"எதுக்கு அவ?" என்றார் மாமியார். "ரெண்டு வருசம் முன்ன விழுந்த இடுப்பே அவளுக்கு இன்னும் நேராவல. நான் எடுத்துக்கிடுதேன். எனக்குப் பழக்கந்தான."

இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும்.

"எனக்கு வந்ததை நானே எடுத்துக்கிடுதேன் அத்தை" என்று தாமரை அழுதாள்.

ஒரு பதவிக்கு மூன்று வேட்பாளர்கள். ஆண்கள் இரண்டு பேரும் வாக்காளர்கள். உலகநாதன் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் எப்போதும் பெரும்பான்மை பக்கம். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வந்துவிட்டது, பழக்கதோஷம். தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நாலாவது தோசையை அவர் தட்டிலிருந்து திருப்பி எடுத்துவிடலாமா என்றுகூட இருந்தது.

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஜெபராஜ் சார் வந்தார். பெரிய எடை வந்த வீடுகளுக்கு அவரே நேரில் வந்து ஆலோசனை சொல்வார். கையில் அச்சடித்த தாள் இருந்தது. நின்றுகொண்டே வாசித்தார். குளியலறைத் தரையை உலர்ந்த நிலையில் வைக்கவும். சோப்பைத் தரையில் வைக்க வேண்டாம். சுவரில் கைப்பிடி பொருத்தவும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் தனியாக இருக்க வேண்டாம். விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைக்காமல் அசையாது வைத்து 108-ஐ அழைக்கவும். எல்லாம் நல்ல வார்த்தைகள். கடைசியாக உட்காருபவர் கவனத்துக்கு என்று கீழே தனியாக ஒரு பத்தி இருந்தது. புடவைக் கொசுவம் தரையில் புரளாமல் தூக்கிச் செருகவும். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைக்கவும். தாலிக்கொடியை உள்ளே விட்டுக்கொள்ளவும்.

"சார், ஆம்பளைகளுக்கு ஒண்ணும் போடலையே" என்றேன்.

"அவங்களுக்கு எதுக்கும்மா?"

"அவுங்க கடைசியா உக்காந்தா எதைத் தூக்கிச் செருகணும்?"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அச்சகத்தின் பெயர் மட்டும் இருந்தது.

"அப்படி ஒரு கேள்வி இதுவரைக்கும் வந்ததில்லை."

"இப்ப வந்திருக்குல்லா?"

"தடைன்னு ஒண்ணும் இல்லம்மா. கடைசியா உக்காருதவங்க யாரோ அவங்க. அவ்வளவுதான் இருக்கு." டீயைக் குடித்துவிட்டு, தரை நன்றாக உலர்ந்திருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஆலோசனையில் ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. கைப்பிடி பொருத்தினோம். சோப்புக்குப் பெட்டி, தரைக்கு ரப்பர் விரிப்பு, காலுக்குச் சொரசொரப்பான செருப்பு. தாமரை வேளை தவறாமல் சத்து மாத்திரை போட்டுக்கொண்டாள். ஆணியில் தொங்கியது இதையெல்லாம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆலோசனையால் சேதம் குறையும், எடை குறையாது என்று தாளிலேயே போட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முடிச்சை அவிழ்த்தேன். ஆண்கள் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டு டீக்கடையில் ஊர் ஞாயம் பேசிக்கொண்டிருந்த நேரம். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ரசம் எல்லாம் இறக்கிவைத்து, அடுப்பங்கரையிலேயே எங்களுக்கு மூன்று இலையும் எதிரே ஆண்களுக்கு இரண்டு இலையும் போட்டேன்.

தாமரை பயந்துகொண்டே வந்தாள், ஆனால் உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் பசி. உட்கார்ந்ததும் சோற்றைப் பிசைந்துவிட்டாள். மாமியார்தான் உட்காரவில்லை.

"ஆம்பள பசியோட வருவான். அதுக்கு முன்ன நான் சோத்துல கை வைக்கவா? எங்க ஆத்தா என்னை அப்படி வளக்கல."

"அவுங்க வந்து உக்காந்தா நீங்கதான் கடைசி. அப்ப உங்களுக்கு நடக்கும்."

"நடக்கட்டும். நான் பாக்காத விழுகையா?"

அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரும், என் மாமியார் நகர மாட்டார். நானும் பேச்சை விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தேன். ஒரு அப்பளத்தைப் பொரித்து, எண்ணெய் வடிந்ததும் வடியாததுமாக அவருடைய இலையில் வைத்தேன்.

"சோறு வேண்டாம் அத்தை. இதை மட்டும் ஒரு கடி கடிங்க."

நின்றுகொண்டு தின்றால் சீதேவி போய்விடுவாள் என்பது அவர் கொள்கை. அதனால் உட்கார்ந்தார். உட்கார்ந்து கடித்தார்.

இந்த வீட்டில் ஐம்பது வருஷமாக அப்பளம் பொரித்தவர் அவர். பொரித்துப் பொரித்து வெளியே அனுப்பிவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, இலை எடுத்து, இடம் துடைத்து, அப்புறம் உட்காரும்போது மிச்சமிருக்கும் அப்பளம் நனைந்த துணி மாதிரி மடங்கும். அப்பளம் என்றால் மடங்குகிற பொருள் என்றே அவர் வாய் பழகியிருந்தது. இப்போது அது நொறுங்கியது. அந்தச் சத்தம் தாமரைக்கே கேட்டது. மாமியார் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் இருக்கும் அத்தை."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

அவர் மிச்ச அப்பளத்தையும் நொறுக்கித் தின்றார். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சோறு வைட்டி" என்றார். எனக்கு அழுகை வந்தது. வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆணியில் இருந்த பை அரைச் சுற்று திரும்பி வாசலைப் பார்த்துத் தொங்கியது.

ஆண்கள் வந்தார்கள். பரமசிவன் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னட்டி இது? ஆம்பள நிக்கான், நீங்க உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கிய?"

"இலை போட்டிருக்கு. உக்காருங்க, ரசம் சூடா இருக்கு" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"நீ உக்காருல. நீ சின்னவன், உனக்குப் பசிக்கும்."

இளையவன் உட்கார்ந்துவிட்டால் கடைசி இவர் என்பது அவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. உடனே, "இல்ல, மூத்தவன் நான் முதல்ல உக்காருதேன்" என்று குனிந்தார். உலகநாதன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இருண்ணே. நீ சொன்னதே சரி. நானே உக்காருதேன்."

சொத்துப் பிரிக்கும்போதுகூட இத்தனை இறுக்கமாக ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளாத அண்ணன் தம்பி. ஒருவர் குனிந்தால் மற்றவர் நிமிர்த்தினார். நாங்கள் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினோம். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

இருவரும் உட்காராததால் அந்த மத்தியானச் சாப்பாடு முடியவில்லை. அன்றைக்கும் முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. ஒருமுறை உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், அப்புறம் எத்தனை வேளை சாப்பிட்டாலும் கணக்கு மாறாது. நாங்கள் மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டோம். ஆண்கள் வெளியே புரோட்டா தின்றார்கள். ஓட்டலில் உட்காருவது கணக்கில் சேராது, வீட்டு உலையில் வெந்த சோறாக இருக்க வேண்டும்.

எதிர்வீட்டு மைதீன்பீவி எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். "என்ன வடிவு, முதல்ல உக்காந்துட்டியாமே?"

"ஆமா. அப்பளம் நொறுங்குது."

மறுநாள் மத்தியானம் அவள் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்து இரண்டு வீட்டிலிருந்து வந்தது. வாரம் திரும்புவதற்குள் எங்கள் தெருவில் ஒரு மணிக்குக் காது கொடுத்தால் காய்ந்த சருகில் ஆடு நடப்பதுபோல் இருந்தது. தெருமுனைப் புரோட்டாக் கடையில் பெஞ்சு கூட்டிப் போட்டார்கள். குடும்பப் பாதுகாப்பு அலுவலகம் ஆட்டோவில் மைக் கட்டிப் புதிய ஆலோசனை சொன்னது: தொடர்ந்து வெளியில் சாப்பிடும் ஆண்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் குடிக்கவும், சால்னாவைக் குறைக்கவும், தினமும் ஒரு கொய்யாப்பழம் சேர்த்துக்கொள்ளவும்.

ஒருநாள் சாயங்காலம் பரமசிவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வயிறு எரியுது வடிவு. ஒரு வாய் ரசஞ்சோறு குடேன்."

"உக்காருங்க. கரைச்சு ஊத்துதேன்."

"அது என்னைத்தான் பாக்கு."

"எல்லா வருசமும் அது யாரையாவது பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பரண்ல இருந்து விழுந்தப்ப நீங்க எங்க இருந்திய?"

அவர் யோசித்தார். "திண்டுக்குச் சாய்ஞ்சு படுத்திருந்தேன். சாப்பிட்ட களைப்பு."

உண்மையைச் சொல்கிற மனிதர்தான். எனக்கும் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர், முகம் வாடினால் மனசு கேட்குமா? கேட்கவில்லைதான். ஆனாலும் நான் கரண்டியை எடுக்கவில்லை. அவர் தெருமுனைக்கு நடந்தார்.

ஆனி கடைசித் தேதி வந்தது. காத்திருந்ததில் பையின் எடை ஏறி ஆணி வளைந்திருந்தது. தெருவில் எல்லா வீட்டு ஆணியும் அப்படித்தான் இருந்தது. ஜெபராஜ் சார் மைக் ஆட்டோவை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு நேராக அடுப்பங்கரைக்கே வந்தார். பின்னால் தெருவே வந்து ஜன்னலில் நின்றது.

"அம்மா, உங்க ஒரு வீட்டுப் பிடிவாதத்துல ஊரே ஆணியில தொங்குது. நாளைக்கு ஆடி. எல்லாம் இறங்கித் தெருவுல நடக்கும். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழி. இது பொதுச் சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு. கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

"நாங்க விட்டுக்கொடுத்த கை இதோ இருக்கு பாருங்க" என்று மாமியார் தன் முழங்கையை நீட்டினார். நீட்டிய மட்டும்தான் நீண்டது.

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட வழி என்று அவர் சொன்னதும் வளைந்த ஆணியைத்தான் திரும்பிப் பார்த்தேன். தாமரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். தானே எடுத்துக்கொள்கிறேன் என்று இனி அவளாலும் சொல்ல முடியாது, அவள்தான் முதலில் உட்கார்ந்தவள்.

"ரெண்டு பேரும் சேந்து உக்காருங்கல" என்றார் மாமியார் மகன்களிடம். முயன்றார்கள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினார்கள். தரைக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது இருவருமே மற்றவர் இறங்கட்டும் என்று நின்றுவிட்டார்கள். அப்படியே தொடை நடுங்க நின்றுவிட்டு மறுபடி எழுந்தார்கள்.

"யாராவது ஒருத்தர் கடைசியா உக்காந்துதான் ஆகணும்மா" என்றார் ஜெபராஜ் சார்.

"யாராவதுன்னா யாரு சார்?"

"யாரா இருந்தாலும் சரி. இந்த வீட்டுல சாப்பிடுத யாராவது."

நான் மூன்று இலை போட்டேன். இரண்டு அவர்களுக்கு. மூன்றாவது இலைக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்து பையை இரண்டு கையாலும் இறக்கினேன்.

மாமியாருக்கு அது உடனே விளங்கிவிட்டது. "ஒரு மாசமா நம்ம வீட்டுல தொங்கிக்கிட்டுக் கெடக்கு. சாப்பிட்டியான்னு ஒருத்தரும் கேக்கலையே" என்று இலைக்குத் தண்ணீர் தெளித்தார்.

பை ஆணியை விட்டு இறங்கியதைப் பார்த்த அண்ணனும் தம்பியும் யார் முந்தி யார் பிந்தி என்று பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் நான் பையைப் பலகையில் வைத்து வாயை விரித்துவிட்டேன். அது வெளியே வந்து, சுற்றும்முற்றும் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தது. உடம்பெல்லாம் ஈரமாக இருந்தது, சோப்பு வாசனை அடித்தது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் உட்காரச் சொன்னதில்லை போலிருக்கிறது, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருமுறை மாற்றி வைத்தது.

ஜெபராஜ் சார் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "தடைன்னு ஒண்ணும் இல்ல" என்றார்.

நன்றாகச் சாப்பிட்டது. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு இருமுறை சோறு வாங்கியது. அப்பளத்தைக் கடித்து நொறுங்கியதும் நிமிர்ந்து பார்த்தது. "அப்படித்தான் இருக்கும், தின்னு" என்றார் மாமியார். பிறகு இலையை மடித்துவிட்டு, கை கழுவக் குளியலறைக்குப் போனது. தரை உலர்ந்துதான் இருந்தது. ஆனால் அது ஈரம்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கோ!" என்று தாமரை கத்தினாள்.

விழுந்த சத்தத்தில் கரண்டிகள் எல்லாம் ஆடின. போய்ப் பார்த்தோம். ரப்பர் விரிப்புக்கு வெளியே, ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. "தூக்காதிய, அசைக்காதிய" என்று மாமியார் எல்லாரையும் தடுத்தார். 108-க்குச் சொன்னோம். ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்று சொல்லி, எங்கள் வீட்டு விலாசத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். ஜெபராஜ் சார் நிலையில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, கட்டுப் போட்டவருக்குப் படுக்கைப்புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும்படி சொன்னார். தாமரை வயிற்றைப் பிடிக்காமல் கையை வீசி நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பரமசிவனும் உலகநாதனும் ரசஞ்சோறு தின்று தின்று எழுந்திருக்க நேரமாயிற்று.

மறுநாள், ஆடி ஒன்று, மத்தியானம் வாசலில் தட்டுச் சத்தம் கேட்டது. தெருவில் மிச்சம் இருந்த விபத்துகள் எல்லாம் ஆணியைவிட்டு இறங்கி எங்கள் வீட்டு வாசலிலிருந்து பால் டிப்போ வரைக்கும் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு எவர்சில்வர் தட்டு. எண்ணெய் தெறிப்புகள் சிடுசிடுவென்று இருந்தன. ஸ்டூல் சாய்வுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. மைதீன்பீவி வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பரமசிவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்தார். உலகநாதன் இலை போட்டான்.

"முதல்ல நாங்க சாப்பிட்டுருதோம். அப்புறம் கூப்பிடுதேன்" என்று வாசலில் நின்று சொன்னேன். தலையாட்டின. தெருப் பெண்கள் எல்லாரும் உள்ளே வந்து நிதானமாகச் சாப்பிட்டோம். தாமரை மூன்று அப்பளம் தின்றாள். கை துடைத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன்.

வரிசையின் கடைசியில் ஒரு விரல் வெட்டு நின்றது. நூறு கிராம்கூட இருக்காது. தட்டு கிடைக்காமல் ஒரு டம்ளர் மூடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. நான் போய் அதைக் கைபிடித்துக் கூட்டிவந்து, முதல் இலையில் உட்காரவைத்தேன்.